ஊர்க் கோயிலுக்குப் புதுப்பாட்டு: கீர்த்தனையா, சிந்தா? எந்த ராகம்?

வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் யாழ்ப்பாணத்தில் ஏதாவது ஒரு கோயிலில் கொடி ஏறிக்கொண்டே இருக்கும். அந்த மாதங்கள் நெருங்கும்போது சங்கீதம் படித்தவர்களைத் தேடி ஒரு வேலை வரும். ஊரில் யாரோ ஒருவர் தங்கள் கோயிலுக்குப் பாட்டு எழுதியிருப்பார். "இதுக்கொரு மெட்டுப் போட்டுத் தாங்கோ" என்று கடதாசியை நீட்டுவார். வாங்கியவர் உடனே ராகத்தை யோசிக்கத் தொடங்குவார். அம்மன் என்றால் ஆனந்தபைரவி, முருகன் என்றால் சண்முகப்பிரியா, பிள்ளையார் என்றால் ஹம்சத்வனி. அரை மணித்தியாலத்தில் பல்லவி தயார்.

இந்த வரிசை எனக்குச் சரியாகப் படவில்லை. ராகத்துக்கு முன் வடிவம் முடிவாக வேண்டும். வடிவத்துக்கும் முன், அந்தப் பாட்டை யார் பாடப்போகிறார்கள், எங்கே பாடப்போகிறார்கள் என்பது தெரிய வேண்டும். வசந்த மண்டபத்தில் பஜனைக்காரர் பாடும் பாட்டு, மேளக்காரர் வீதியில் வாசிக்கும் பாட்டு, அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகள் மேடையில் பாடும் பாட்டு, ஒரு நல்ல பாடகர் ஒலிப்பதிவு செய்யும் பாட்டு என்று நான்கும் நான்கு வேலை. ஒரே மெட்டு நான்குக்கும் சரிவருவது அபூர்வம்.

அதனால் கையில் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். ஒப்பிட வசதியாக ஒரு வரியை வைத்துக்கொள்கிறேன்: "வாசலிலே நின்றழைத்தோம் வந்தருள வேண்டுமையா." எந்தக் கோயிலுக்கும் பொருந்தும் எளிய வரிதான். அது ஒவ்வொரு வடிவத்திலும் என்ன ஆகிறது என்று பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

கீர்த்தனை

சங்கீதம் படித்த யாருக்கும் முதலில் கைக்கு வருவது இதுதான். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்குப் படித்தவர்களும், மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக்கழகத்தில் படித்தவர்களும் பல்லவி (திரும்பத் திரும்ப வரும் முதல் வரி), அனுபல்லவி (அதை அடுத்து வருவது), சரணம் (பின்வரும் பகுதி) என்ற அமைப்பிலேயே ஊறியவர்கள். தமிழில் இந்த அமைப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. சீர்காழி மூவரில் மூத்தவரான முத்துத்தாண்டவர் இந்த அமைப்பில் பாடிவைத்தவர்.

நம் வரியைக் கீர்த்தனையாக்கினால் அது திரும்பிக்கொள்ளும். "வந்தருள வேண்டுமையா – எங்கள் வாசலிலே நின்றழைத்தோம்" என்பது பல்லவி. அனுபல்லவி அதே எதுகையில் "சிந்தையிலே உனைவைத்தோம்" என்று எழும். பல்லவி மத்திய ஸ்தாயியில், அதாவது ஒரு ச-வில் இருந்து அடுத்த ச வரையுள்ள நடு எல்லையில், நிற்கும். அனுபல்லவி மேல் ச-வைத் தொட்டு, மேல் ரி, க வரைக்கும் போய்வரும். சரணம் கீழே ஆறுதலாகத் தொடங்கி, பின்பாதியில் பெரும்பாலும் அனுபல்லவியின் மெட்டையே எடுத்துக்கொள்ளும். இந்த ஏற்ற இறக்கத்துக்குள்தான் ராகத்தின் முழு உருவமும் வெளிப்படும். ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடிச் சங்கதி போடலாம், வரியை ராகத்தில் விரித்து நிரவல் செய்யலாம், ஸ்வரங்களை அந்த இடத்திலேயே கோத்துக் கற்பனா ஸ்வரம் பாடலாம். பாடுபவருக்குத் திறமை இருந்தால் ஒரு பாட்டே அரை மணித்தியாலக் கச்சேரியாகிவிடும்.

இதன் பலம்தான் இதன் இடைஞ்சலும். கீழ்ப் ப-வில் இருந்து மேல் க வரைக்கும் என்றால் ஏறத்தாழ ஒன்றரை ஸ்தாயிக்கு மேல். பயிற்சி பெற்ற குரலுக்கு அது சாதாரணம். ஆனால் இருபது பேர் சேர்ந்து பாடும் இடத்தில் அனுபல்லவி வந்ததும் பாதிப்பேர் வாயை மூடிவிடுவார்கள். மீதிப்பேர் கத்துவார்கள். எழுதியவர் அனுபல்லவியில்தான் தன் ஊரின் பெயரை வைத்திருப்பார். அந்த இடத்தில் சனம் மௌனமாவதைப் பார்க்க அவருக்கு எவ்வளவு கவலையாக இருக்கும்!

கீர்த்தனை வெல்லும் இடங்களும் இருக்கின்றன. தனிப் பாடகர் பாடப்போகிறார் என்றால் இதைவிட நல்ல வடிவம் இல்லை. பரதநாட்டியத்துக்கு எடுக்கப்போகிறார்கள் என்றாலும் அபிநயம் விரிவதற்குச் சரணத்தில் இடம் கிடைக்கும். மேளச்சமாவில், அதாவது நாதஸ்வர தவில் கச்சேரியில், வாசிக்க வேண்டும் என்று திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரர் ஆசைப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டு கீர்த்தனைக்குப் போகலாம். நாதஸ்வரத்துக்குச் சொல் இல்லை, மெட்டுத்தான் எல்லாம். மெட்டில் விரிய இடம் இருந்தால்தான் மேளக்காரர் ஆலாபனை செய்து, பாட்டை எடுத்து, தவிலுக்குத் தனி விட்டு, அதை ஒரு உருப்படியாக வாசிக்க முடியும். இணுவிலிலும் அளவெட்டியிலும் மேளம் கேட்டு வளர்ந்த சனத்துக்கு ராகத்தின் பெயர் தெரியாவிட்டாலும் மெட்டின் கனம் தெரியும். சின்ன மெட்டு ஒன்றை மேளத்தில் இழுத்து நீட்டினால் அவர்களுக்குப் பிடிபட்டுவிடும்.

கீர்த்தனையோடு ஒட்டி ராகமாலிகையையும் சொல்ல வேண்டும். நம் மண்ணின் இணுவில் வீரமணி ஐயர் மயிலாப்பூர் கற்பகாம்பாள்மேல் எழுதிய 'கற்பகவல்லி' பாட்டை டி. எம். சௌந்தரராஜன் குரலில் கேட்காத தமிழர் குறைவு. ஆனந்தபைரவி, கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி என்று ராகம் மாறிப் போகும். அந்தந்த ராகத்தின் பெயரும் பாட்டின் சொற்களுக்குள்ளேயே பொருளோடு வந்துவிடும். அதைக் கேட்டுவிட்டு "எங்கட கோயிலுக்கும் இப்படி ஒன்று" என்று கேட்பவர்கள் நிறைய. ராகமாலிகை தனிக்குரலுக்கானது, அதிலும் நல்ல குரலுக்கானது. ஒரு ராகத்தில் இருந்து அடுத்ததற்குத் தாண்டும் இடத்தில் கூட்டம் நிச்சயம் தடுமாறும்.

சிந்தும் கண்ணியும்

என் தெரிவு எது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊர் சேர்ந்து பாட வேண்டிய பாட்டு என்றால் நான் சிந்துக்கோ கண்ணிக்கோதான் போவேன். சிந்து என்பது தாள நடைக்கு அளந்து எழுதும் பாட்டு, கண்ணி என்பது ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும் சிறு பகுதி.

யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமிகளின் 'நல்லூரான் திருவடியை' என்ற பாட்டை எடுத்துப் பாருங்கள். அது கிளிக்கண்ணி. நீளமான ஓர் அடி, பிறகு குறுகிய அடி, 'கிளியே' என்ற விளி, பிறகு முடிக்கும் அடி. இந்த அளவு கண்ணிக்குக் கண்ணி மாறாது, மெட்டும் மாறாது, சொல் மட்டும் மாறும். ஒரு கண்ணி பாடத் தெரிந்தவருக்கு முழுப்பாட்டும் பாடத் தெரியும். யாழ்ப்பாணத்தில் சங்கீதமே படிக்காத ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பிழையில்லாமல் பாடுவதற்கு வடிவம்தான் பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

நம் வரி கிளிக்கண்ணியில் இப்படி வரும்:

வாசலிலே நின்றழைத்து வாடுகின்ற பேரையெல்லாம்
பாசமுடன் பார்த்திடுவான் – கிளியே
பக்கம்வந்து சேர்ந்திடுவான்.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மெட்டுப் போடாமலே அதற்குள் ஒரு நடை இருக்கும். திஸ்ரத்தில், அதாவது மூன்று மூன்றாக, தட்டினால் சொல் தானாக விழும். கீர்த்தனையில் மெட்டு சொல்லை நீட்டவும் குறுக்கவும் செய்யும். சிந்தில் சொல்தான் மெட்டை நடத்தும். எழுதியவர் குறில் நெடில் பார்த்து எழுதியிருந்தால் மெட்டுப் போடுபவருக்குப் பாதி வேலை மிச்சம். அவர் பார்க்காமல் எழுதியிருந்தால் அதுவும் சிந்தில் உடனே தெரிந்துவிடும். குறில் வரவேண்டிய இடத்தில் நெடில் நின்று தாளத்தை இடறும். அப்போது மெட்டைத் திருத்தப் போகாமல் எழுதியவரிடமே போய்ச் சொல்லை மாற்றித் தரச் சொல்லுங்கள். இதைக் கேட்கப் பலருக்குக் கூச்சம். ஆனால் 'அருளிடுவாய்' என்பதை 'அருள்வாயே' என்று மாற்றித் தர யாரும் மறுக்கமாட்டார்கள்.

சிந்தில் வகை பல. காவடிச்சிந்து என்றால் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் பாடியவைதான் நினைவுக்கு வரும். அவற்றின் துள்ளலுக்கு ஈடில்லை. ஆனால் அந்த அளவை எழுதுவது லேசு அல்ல. ஓர் அடிக்குள்ளேயே துண்டு துண்டாக இயைபு விழ வேண்டும். காவடி ஆட்டத்துக்கு நேராக ஒரு பாட்டு வேண்டும், எழுதுபவரும் மரபு தெரிந்தவர் என்றால் மட்டும் அதைத் தொடுங்கள். நொண்டிச்சிந்து கதை சொல்வதற்கு நல்லது. கோயில் தோன்றிய வரலாற்றைப் பாட்டாக்கச் சொன்னால் அதுதான் வசதி. அடுக்கடுக்காக நிகழ்ச்சிகளைச் சொல்லிக்கொண்டு போகலாம்.

வடமராட்சியிலும் வலிகாமத்திலும் அம்மன் கோயில்களை ஒட்டி ஆடப்பட்ட காத்தவராயன் கூத்தைச் சிந்துநடைக் கூத்து என்றே சொல்வார்கள். அந்த மெட்டுகள் சில ஸ்வரங்களுக்குள் சுற்றிச் சுற்றி வருபவை, விடியவிடியப் பாடினாலும் தொண்டை தாங்கும். அம்மன் பாட்டுக்கு மெட்டுத் தேடுபவர் ஆனந்தபைரவிக்குப் போவதற்கு முன், தன் ஊரில் அந்தக் கூத்தை ஆடிய ஒரு பெரியவரிடம் போய் இருந்து கேட்டுவிட்டு வருவது நல்லது. அந்த நடை ஊர்ச் சனத்தின் காதில் ஏற்கெனவே இருக்கிறது. மெட்டை அப்படியே எடுக்காமல் நடையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

சிந்துக்கும் ஒரு குறை உண்டு. பத்துக் கண்ணி, ஒரே மெட்டு. ஒலிப்பதிவில் வீட்டில் இருந்து கேட்பவருக்கு நாலாவது கண்ணியில் சலிப்பு வந்துவிடும். சேர்ந்து பாடுபவருக்குச் சலிப்பதில்லை. அதனால்தான் யார் பாடுகிறார்கள் என்ற கேள்வியை முதலில் வைத்தேன்.

மற்ற வடிவங்கள், சுருக்கமாக

விருத்தத்துக்குத் தாளம் கிடையாது. பாடுபவர் தன் மனம்போல ராகத்தை விரித்துப் பாடலாம். நம் கோயில்களில் பாடும் திருவூஞ்சல் பாட்டுகள் பெரும்பாலும் எண்சீர் ஆசிரிய விருத்தத்தில் அமைந்து, ஒவ்வொரு பாட்டும் "ஆடீர் ஊஞ்சல்" என்று முடியும். ஊஞ்சல் இலக்கியத்தில் ஈழம் செழிப்பானது. ஒவ்வொரு ஊர்க் கோயிலுக்கும் ஒன்று இருக்கும். உங்கள் ஊர்க் கோயிலுக்கு ஊஞ்சற்பாட்டு இல்லை என்றால் புதுக் கீர்த்தனைக்கு முன் அதை எழுதுவிப்பதுதான் தேவையான வேலை. மெட்டுப் போடத் தனியாக ஒன்றும் இல்லை. ஒரு ராகத்தைத் தெரிவுசெய்து, நல்ல குரலுள்ள ஒருவரைப் பாட வைத்து, ஈற்றடியை மட்டும் எல்லாரும் சேர்ந்து சொல்வது போல வைத்தால் வடிவாக இருக்கும்.

திருப்புகழ்ச் சந்தத்தில் புதுப்பாட்டு எழுதுவோர் இன்று குறைவு. அருணகிரிநாதர் கதிர்காமத்துக்கும் திருகோணமலைக்கும் பாடியவை இருக்கின்றன. அவற்றைப் பாடிப் பழகியவர்களுக்குச் சந்தத்தின் மேல் ஆசை வருவது இயற்கைதான். ஆனால் சந்தம் பிசகாமல் பொருளும் கெடாமல் எழுதக்கூடியவர் கிடைத்தால் மட்டுமே இதை யோசிக்கலாம். வல்லின மெல்லினம் இடம்மாறிய சந்தப்பாட்டைக் காப்பாற்ற எந்த ராகத்தாலும் முடியாது.

மெல்லிசை வடிவத்தை, அதாவது பல்லவி, இடையில் வாத்திய இசை, சரணம் என்ற அமைப்பை இளம் இசையமைப்பாளர்கள் விரும்புகிறார்கள். இலங்கை வானொலி வளர்த்த ஈழத்து மெல்லிசைப் பாடல்கள் நமக்குப் பெருமையான மரபுதான். ஒலிப்பதிவுக்கும் யூடியூப்புக்கும் அது பொருந்தும். கோயில் மண்டபத்தில் அந்த இடையிசையை வாசிக்க ஆள் இருக்காது. இடையிசை இல்லாமல் பாடினால் பாட்டு நடுவில் வெறிச்சென்று நிற்கும்.

ராகத்துக்கு வருவோம்

வடிவம் முடிவானதும் ராகம் பாதி முடிவாகிவிடும். கீர்த்தனை என்றால் தோடி, கல்யாணி, காம்போதி, கரகரப்பிரியா, சங்கராபரணம் என்று பெரிய ராகங்களுக்குப் போகலாம். நாதஸ்வரத்துக்குத் தோடியைப்போல இன்னொன்று இல்லை. பாடகரின் தகுதிக்கு ஏற்பத் தெரிவுசெய்யுங்கள். அங்கே நான் சொல்ல அதிகம் இல்லை. கடினமான தெரிவு, கூட்டமாகப் பாடும் பாட்டுக்கு ராகம் தேடுவதில்தான் இருக்கிறது.

முதலில் குரலின் எல்லையைப் பார்ப்போம். கட்டை என்பது ஆர்மோனியத்தில் ச-வை வைக்கும் இடம், எண் கூடினால் சுருதி உயரும். பொதுவாக ஆண்களுக்குச் சுருதி ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. பஜனையில் இரு பகுதியினரும் ஒரே நேரத்தில் பாட வேண்டும். ஒரு கட்டையில் வைத்தால் பெண்களுக்குக் கீழ் ஸ்வரங்கள் கேட்காது, ஐந்தில் வைத்தால் ஆண்கள் மேலே போய்ச் சிக்கிக்கொள்வார்கள். இரு குரலுக்கும் பொதுவாக வசதிப்படும் இடம் ஏறத்தாழ ஒரு ஸ்தாயிதான். மெட்டு அந்த ஒரு ஸ்தாயிக்குள் அடங்கவேண்டும். மேல் ச-வைத் தொட்டாலும் அங்கே நின்றுகொண்டிருக்கக் கூடாது.

அந்தத் தேவைக்கென்றே செய்துவைத்ததுபோலச் சில ராகங்கள் நம்மிடம் இருக்கின்றன. செஞ்சுருட்டி, புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, நவரோஸ், குறிஞ்சி. இவை மேல் ஸ்தாயிக்குப் போகாமலே நிறைவு பெறும் ராகங்கள். செஞ்சுருட்டி கீழ்த் த-வில் இருந்து நி வரைக்கும் சுற்றும். நவரோஸ் கீழ்ப் ப-வில் இருந்து நடுப் ப வரைக்கும். கச்சேரி மேடையில் இவற்றைத் துக்கடாவாகக் கடைசியில் பாடிவிட்டுப் போய்விடுகிறோம். கூட்டுப்பாட்டுக்கு இவைதான் முதல் வரிசையில் இருக்க வேண்டியவை. பழையவர்கள் இந்த ராகங்களை மத்யம சுருதியில் பாடியதற்கும் காரணம் உண்டு. ஒரு கட்டைக்காரர் தன் ம-வையே ச-வாக வைத்துப் பாடினால், அதாவது நாலு கட்டையில் பாடினால், மெட்டு முழுக்கக் குரலின் கணீரென்ற பகுதியில் விழும். ஐந்து கட்டைப் பெண் குரலுக்கும் நாலு கட்டை பெரிய இறக்கம் இல்லை. இரு பகுதியினரும் ஒரே சுருதியில், ஒரே இடத்தில் சேர்ந்து பாடலாம். சுருதிப்பெட்டியில் நாலு கட்டையை வைத்து, உங்கள் ஊர்ப் பஜனைக்காரரை ஒரு செஞ்சுருட்டி மெட்டுப் பாடச் சொல்லிப் பாருங்கள். மண்டபம் நிறைவது கேட்கும்.

செஞ்சுருட்டிக்கு எதிரே வைத்துப் பார்க்கவேண்டியது மோகனம். இரண்டும் ஹரிகாம்போதியில் பிறந்தவை. மோகனத்தில் ம-வும் நி-யும் இல்லை. ச ரி க ப த என்ற ஐந்து ஸ்வரமும் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்பதால் அபஸ்வரம் தட்டும் வாய்ப்பு மிகக் குறைவு. பிள்ளைகளுக்கு மோகனத்தைவிட நல்ல தொடக்கம் இல்லை. அவர்களின் குரல் மேல் ச-வைச் சிரமமில்லாமல் தொடும். வயதானவர்கள் நிறைந்த பஜனைக்கு மோகன மெட்டுப் போட்டால், நீங்கள் எவ்வளவு அடக்கி வைத்தாலும் அது மேலே போகப் பார்க்கும். மோகனத்தின் அழகே ப த ச என்று ஏறுவதில்தானே இருக்கிறது. ஆகவே, பிள்ளைகள் என்றால் மோகனம், பெரியவர்கள் என்றால் செஞ்சுருட்டி என்பது என் கணக்கு.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் பூசை முடிவில் பஞ்சபுராணம், அதாவது ஐந்து திருமுறைப் பாட்டுகள், ஓதுவது வழக்கம். தேவாரத்துக்கு அதன் பண், அதாவது அதற்குரிய பழந்தமிழ் ராகம். திருவாசகத்தை வழக்கமாக மோகனத்தில் பாடுவோம். திருவிசைப்பாவும் திருப்பல்லாண்டும் ஆனந்தபைரவியில் வரும், பெரியபுராணம் மத்யமாவதியில் முடியும். சின்ன வயதில் இருந்து அர்ச்சனைத் தட்டோடு நின்று இதைக் கேட்டவர்களுக்கு இந்த ராகங்கள் பெயர் தெரியாமலே பாடமாகியிருக்கும். புதுப்பாட்டு அந்த ராகங்களில் ஒன்றில் இருந்தால் பழக்கும் நேரம் பாதியாகும். அதே காரணத்துக்காக மோகனத்தில் பாட்டுப் போடும்போது திருவாசகம் ஓதும் அந்தச் சாயல் அப்படியே வந்து உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாளத்தை அழுத்தமாக வைத்தால் அது விலகிவிடும்.

பண்களையே நேராக எடுத்துக்கொள்ளலாமே என்று ஓதுவார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நட்டபாடைக்குக் கம்பீரநாட்டை, தக்கேசிக்குக் காம்போதி, கௌசிகத்துக்குப் பைரவி, மேகராகக்குறிஞ்சிக்கு நீலாம்பரி, காந்தாரத்துக்கு நவரோஸ் என்று இன்று பாடுகிறோம். திருக்கேதீச்சரத்துக்குச் சுந்தரர் பாடிய பதிகம் நட்டபாடைப் பண். சுவாமி வெளிவரும்போது வாசிக்கும் மல்லாரியும் கம்பீரநாட்டையில்தான். ச க ம ப நி என்று ரி-யும் த-வும் இல்லாமல் நிமிர்ந்து நிற்கும் ராகம். வீதிவலத்துக்கென்று ஒரு பாட்டுக் கேட்டால், மல்லாரி ஓய்ந்ததும் அதே ராகத்தில் எடுத்துக்கொள்ளும்படி கம்பீரநாட்டையில் போடுங்கள். மேளக்காரர் சுருதியை விட்டுப் போகாமல் அப்படியே சேர்ந்துகொள்வார். பள்ளியறைப் பாட்டுக்கு நீலாம்பரியைத் தவிர வேறு ஒன்றையும் நான் யோசிக்கமாட்டேன். காம்போதியும் பைரவியும் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வளைத்துப் பாடுவது) நிறைந்தவை, கூட்டத்துக்கு வேண்டாம்.

ஐந்து ஸ்வர ராகங்களுக்குள் எதை எடுப்பது என்று குழம்புபவர்களுக்கு ஆர்மோனியத்தில் ஒரு வழி இருக்கிறது. கறுப்புக் கட்டைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாலரைக் கட்டையை ச என்று வைத்தால் மோகனம். ஐந்தரையை ச என்று வைத்தால் மத்யமாவதி. ஆறரையை வைத்தால் ஹிந்தோளம், ஒன்றரைக்கு சுத்தசாவேரி, இரண்டரைக்கு சுத்ததன்யாசி. அதே ஐந்து கட்டை, ச மட்டும் இடம் மாறுகிறது. பாட்டின் முதல் வரியை ஐந்திலும் மாறி மாறி வாசித்து, எழுதியவரைப் பக்கத்தில் வைத்துக் கேட்கச் செய்யுங்கள். ராகப் பெயர் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் மனதில் இருந்த பாட்டு எது என்று அவர் முகத்திலேயே தெரியும்.

இந்த ஐந்தில் ஹிந்தோளத்தைக் கூட்டத்துக்குத் தவிர்த்துவிடுங்கள். அதில் ப இல்லை. சுருதிப்பெட்டி ச-ப என்று ஒலித்துக்கொண்டிருக்கும்போது ம-வில் ஊன்றி நிற்கப் பயிற்சி வேண்டும். பயிற்சி இல்லாதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடுவார்கள். மத்யமாவதிக்கும் சுத்தசாவேரிக்கும் அந்தப் பிரச்சினை இல்லை. மத்யமாவதி மங்களமான ராகம் என்று கடைசியில் வைத்தே பழகிவிட்டோம். அதில் தொடக்கப் பாட்டும் போடலாம், நன்றாக நிற்கும்.

முருகனுக்குச் சண்முகப்பிரியா என்ற பழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தாய் ராகங்களின் வரிசையில் அது 56-ஆவது மேளம். தனிக்குரலில் அது எவ்வளவு கம்பீரம்! அதன் உயிர் பிரதிமத்யமத்தில், அதாவது இரண்டு வகை ம-வில் உயர்ந்ததில், இருக்கிறது. கூட்டமாகப் பாடும்போது அந்த ம சற்றே இறங்கினால் சுத்தமத்யமம், இறங்கிய கணமே அது 20-ஆவது மேளமான நடபைரவி. மற்ற ஸ்வரங்கள் எல்லாம் ஒன்றுதான். கல்யாணிக்கும் இதே கதை. ம இறங்கினால் சங்கராபரணம். நாதஸ்வரம் சரியான ம-வை வாசிக்க, சனம் வேறு ம-வைப் பாட, அந்த இடத்தில் காது கூசும். முருகனுக்குச் செஞ்சுருட்டியைவிட நெருக்கமான ராகம் எது? காவடிச்சிந்து நூறாண்டுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறதே. நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்குப் பாட்டுக் கேட்டால் புன்னாகவராளி. நாக வழிபாட்டோடு அந்த ராகம் அவ்வளவு ஒட்டிப் போனது.

கீபோர்ட் வைத்து வாசிக்கப்போகிறார்கள் என்றால் தெரிவு கொஞ்சம் மாறும். கீபோர்ட்டில் கமகம் வராது. தோடியின் க-வை அதில் அழுத்தினால் அது தோடியே இல்லை. சங்கராபரணம், நடபைரவி, கீரவாணி போன்றவை மேற்கத்திய மேஜர், மைனர் ஸ்கேல்களோடு ஸ்வரத்தில் ஒத்துப்போவதால் கோர்ட்ஸ் பிடிக்க வசதி. மோகனமும் நன்றாக ஒத்துழைக்கும். ஆபேரியைப் பலர் எடுப்பார்கள், இனிமையான ராகம்தான். சினிமாவில் அது நிறையப் புழங்கியிருப்பதால் மெட்டுப் போட்டதும் ஏதோ ஒரு படப்பாட்டு எட்டிப் பார்க்கும். போட்டு முடித்ததும் வீட்டில் ஒரு இளம்பிள்ளையிடம் பாடிக் காட்டுங்கள். "இது அந்தப் பாட்டெல்லோ" என்று முதலில் சொல்வது அவர்கள்தான்.

இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு, அவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டுப் பாடல்களோடு நினைவுப் பாட்டும் கேட்பவர்கள் இப்போது உண்டு. உடனே சிவரஞ்சனி, முகாரி என்று போகிறோம். முகாரியில் தியாகராஜர் பாடியவை எல்லாம் அழுகை இல்லை. சிவரஞ்சனி ஏற்கெனவே அழுதுகொண்டிருப்பவர்களை இன்னும் அழவைக்கும். அந்த வீட்டுக்கு ஆறுதல் கொடுக்கும் பாட்டு வேண்டும் என்றால் நீலாம்பரியில் ஒரு விருத்தம் போதும். தாளம் வேண்டாம், கூட்டம் வேண்டாம், ஒருவர் பாடினால் சரி.

முடிவெடுத்து மெட்டும் போட்டாயிற்று என்றால் அதை ஸ்வரப்படுத்தி ஒரு தாளில் எழுதிவிடுங்கள். வாய்வழியாகவே பழக்கி விட்டால் அடுத்த வருடத் திருவிழாவுக்குள் மெட்டு மாறியிருக்கும். சிந்து என்றால் ஒரு கண்ணிக்கு மட்டும் எழுதினால் போதும். கீர்த்தனை என்றால் சங்கதிகளையும் சேர்த்து எழுதவேண்டும். தாளில் மேலே தாளம், நடை, எத்தனை கட்டை என்பதைக் குறித்து, ஒரு பிரதியைக் கோயில் அலுவலகத்திலும் ஒன்றை மேளக்காரரிடமும் கொடியேற்றத்துக்கு முன்னமே கொடுத்துவிடுங்கள். திருவிழா தொடங்கிய பிறகு அவர்களுக்கு அதைப் பார்க்க நேரம் இருக்காது.